இரவில் பாய் நனைக்கும் பிள்ளைக்குப் பகலில் செய்ய வேண்டிய வேலை

ஐந்து வயது தாண்டிய பிள்ளை ராத்திரி படுக்கையிலேயே போய்விடுகிறது என்றால் அநேகமாக எல்லா வீட்டிலும் இரண்டு காரியம் நடக்கும். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர்ச் சொம்பு எட்டாத இடத்துக்குப் போய்விடும். நடுராத்திரியில் அப்பாவோ அம்மாவோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் பாத்ரூமில் நிறுத்துவார்கள். மாதக்கணக்கில் இப்படிச் செய்தும் விடிந்தால் ஜமக்காளம் ஈரம்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஓடியது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குக் கடைசியில் நின்றது. அதற்கான வேலையில் பெரும்பகுதி பகலில் நடந்தது. அவற்றைச் செய்ய வேண்டிய வரிசையில், ஆகும் செலவோடும் பிடிக்கும் நாளோடும் எழுதுகிறேன். விலையெல்லாம் நாங்கள் கடையில் பார்த்த சுமார்க் கணக்கு. உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கும்.

வரிசையை மாற்றாதீர்கள். எடுத்த எடுப்பில், ஈரம் பட்டதும் கத்தி எழுப்பும் அலாரத்தை வாங்கினால் பணம்தான் போகும், பாய் காயாது.

1. முதலில் வயதைப் பாருங்கள்

ஐந்து வயதுக்குக் கீழ், அடுத்த படியில் வரும் அறிகுறிகளும் இல்லை என்றால் எதுவும் செய்ய வேண்டாம். ஐந்து வயதிலேயே 100 பிள்ளைகளில் சுமார் 15 பேர் இரவில் நனைக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் அவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குத் தானாகவே நின்றுவிடும். ஆக, "பெரியவனானா சரியாயிடும்" என்று பாட்டி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் நனைக்கும் பிள்ளைக்கும் தினமும் நனைக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம். தினமும் நனைக்கும் பிள்ளைக்குத் தானாக நிற்கும் வாய்ப்புக் குறைவு. 7 வயதாகியும் வாரத்தில் பல நாள் நனைக்கிறது, அல்லது பிள்ளையே அத்தை வீட்டுக்கு வர மாட்டேன் என்று ஒதுங்கத் தொடங்கிவிட்டது என்றால் காத்திருக்க வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கும். இரவில் சிறுநீர் குறைவாக ஊற வேண்டும் என்று மூளை அனுப்பும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் சில பிள்ளைகளுக்குப் போதுமான அளவு சுரப்பதில்லை. சிலருக்கு மூத்திரப்பை கொஞ்சமாகத்தான் கொள்ளும். மூன்றாவது, பை நிறைந்த சேதி வந்தாலும் தூக்கம் கலையாது. சோம்பேறித்தனம், திமிர், செல்லம் எதுவும் இந்தப் பட்டியலில் கிடையாது. பரம்பரை உண்டு: பெற்றோரில் ஒருவருக்குச் சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வர 44 சதவீதம், இருவருக்கும் இருந்திருந்தால் 77 சதவீதம் வாய்ப்பு என்று கணக்குச் சொல்கிறார்கள். அப்பாவைக் கேட்டால் மழுப்புவார். அவருடைய அம்மாவைக் கேளுங்கள், உண்மை வந்துவிடும். டாக்டரிடமும் இதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

2. வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லாத அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மற்ற படிகளை விட்டுவிட்டு நேரே குழந்தைகள் நல மருத்துவரிடம் போங்கள்.

திடீரென்று அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், உடம்பு இளைத்துக்கொண்டே போவது. இது முதல் வகைச் சர்க்கரை நோயாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். "வியாழக்கிழமை டாக்டர் வருவார்" என்று தள்ளக் கூடாது. இதோடு வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு சேர்ந்தால் நேரே அவசரப் பிரிவு.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம். பகலிலும் உள்ளாடை நனைவது. முக்கி முக்கிப் போவது, நூல் போல மெலிந்து வருவது. பெண் குழந்தைக்கு இரவு பகல் இல்லாமல் சொட்டிக்கொண்டே இருப்பது. முதுகெலும்பின் அடிப்பக்கம் குழியோ மயிர்க் கற்றையோ இருப்பது, நடையில் மாற்றம். தினமும் சத்தமாகக் குறட்டை விட்டு, வாயைத் திறந்தபடி, மூச்சு நின்று நின்று தூங்குவது. கடைசியாகச் சொன்னது டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) வீக்கத்தால் வரக்கூடியது. அதைக் கவனித்த பிறகு சில பிள்ளைகளுக்குப் பாய் நனைவதும் நிற்கும்.

ஆறு மாதத்துக்கு மேல் காய்ந்திருந்த படுக்கை மறுபடி நனையத் தொடங்கினால் அது வேறு கணக்கு. புதிதாகத் தம்பி தங்கை பிறந்தது, பள்ளி மாறியது, வீட்டில் சண்டை என்று காரணம் இருக்கலாம். பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்திருக்கவும் கூடும். குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் பயம், ஒரு வீட்டுக்கோ டியூஷனுக்கோ போக மறுப்பு என்று சேர்ந்து வந்தால் அதட்டாமல் பேச விடுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

3. படுக்கையையும் வீட்டாரின் வாயையும் ஒழுங்கு செய்யுங்கள்

நடுராத்திரி ஈர விரிப்பை மாற்றும்போதுதான் கோபம் பிறக்கும். அதனால் முதல் செலவு இங்கே. மெத்தையின் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் பருத்தி விரிப்பு, மறுபடி ரப்பர் ஷீட், மறுபடி விரிப்பு என்று இரண்டு அடுக்காகப் போடுங்கள். நனைந்ததும் மேலடுக்கை உருவினால் கீழே காய்ந்த படுக்கை தயார். விளக்குகூடப் போட வேண்டாம். ரப்பர் ஷீட் மருந்துக் கடையில் ₹200 முதல் ₹500 வரை. மெத்தை முழுவதையும் மூடும் நீர்புகா உறை ₹600 முதல் ₹1500 வரை. இலவம்பஞ்சு மெத்தை வைத்திருப்பவர்கள் உறையில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். பஞ்சுக்குள் ஒருமுறை இறங்கிவிட்டால் மொட்டை மாடி வெயிலில் எத்தனை நாள் போட்டாலும் மழைக்காலத்தில் வாடை திரும்பி வரும்.

துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வாடை நிற்கிறது என்றால் ஒரு வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வினிகர் ஊற்றி அரை மணி ஊறவைத்து அலசிவிட்டு, பிறகு வழக்கமான சோப்புத் தூள். ப்ளீச்சிங் பவுடரை மூத்திரத் துணியில் கொட்டவே கூடாது. அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும். வினிகரோடும் அதைச் சேர்க்கக் கூடாது.

டயப்பர் போட்டால் பழக்கம் கெட்டுப்போகும் என்று பயப்பட வேண்டாம். பரீட்சை நாள், விருந்தாளி வந்த நாள் என்று தேவைக்குப் போடலாம். அலாரம் தொடங்கும்போது மட்டும் கழற்றிவிட வேண்டும்.

அடுத்தது வீட்டார். "ரெண்டு சாத்து சாத்தினா நிக்கும்" என்பவர், தம்பி முன்னால் கேலி செய்பவர், ஈரப் பாயைத் தெருப் பக்கம் தொங்கவிடுபவர் என்று எல்லாரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். தூக்கத்தில் தன்னையறியாமல் நனைப்பதற்கு அடித்தால் பிள்ளைக்குப் பயம் கூடும்; பயத்தில் பிள்ளை ஈரத் துணியை ஒளித்து வைக்கக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைப்பேன் என்று மிரட்டும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வைப்பது சட்டப்படி குற்றம். மிரட்டுவதும் பிள்ளையின் தூக்கத்தைத்தான் கெடுக்கும். மாமியாரிடம் வாதாடி ஜெயிக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி: அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட அழைத்துப் போங்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னால் எடுபடும்.

தாயத்து கட்டுவதிலும் எள்ளுருண்டை கொடுப்பதிலும் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பி மாதங்களைக் கடத்த வேண்டாம். பெயர் தெரியாத பொடி, லேகியம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

4. இரண்டு வாரம் நோட்டுப் போடுங்கள்

எல்லாரும் தாண்டிப் போகும் படி இது. டாக்டர் எந்த வைத்தியத்தைத் தேர்ந்தெடுப்பார் என்பது இந்த நோட்டில்தான் இருக்கிறது. தேவையானவை: பழைய நோட்டு ஒன்று, மில்லிலிட்டர் கோடு போட்ட அரை லிட்டர் பிளாஸ்டிக் ஜாடி (₹100க்குள்), முடிந்தால் சமையலறை டிஜிட்டல் தராசு.

14 இரவுகள் எழுத வேண்டியது: படுத்த நேரம், நனைந்ததா, கொஞ்சமா குளமா, எத்தனை மணி வாக்கில், தானாக எழுந்ததா, அன்றைக்கு மலம் போனதா, எப்படிப் போனது. காலையில் ஒரு நிமிஷ வேலை. பிள்ளை பார்க்கும்படி காலண்டரில் சிவப்பு வட்டம் போடாதீர்கள்.

பிறகு ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் பகல் கணக்கு. எப்போது என்ன குடித்தது, எத்தனை மில்லி; எப்போது போனது, எத்தனை மில்லி. ஜாடியில் பிடித்து அளப்பதைப் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் "ரெக்கார்டு" முறியடிக்கும் போட்டியே நடந்தது. ஒரு நாளில் 4 முதல் 7 தடவை போவது இயல்பு. 3 அல்லது அதற்குக் குறைவு என்றால் அடக்கிவைக்கிறது. 8 அல்லது அதற்கு மேல் என்றால் பை சின்னதாகவோ, நிறையும் முன்பே அவசரப்படுவதாகவோ இருக்கலாம்.

இப்போது சின்னக் கணக்கு. வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்குங்கள். 7 வயதுப் பிள்ளைக்கு 8 × 30 = 240 மில்லி. அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் கொள்ளளவு இது. காலையில் எழுந்ததும் போவதைத் தள்ளிவிட்டு, பகலில் ஒரே தடவையில் போன அதிகபட்ச அளவைப் பாருங்கள். எதிர்பார்க்கும் அளவில் 65 சதவீதத்துக்கும் கீழே, அதாவது 7 வயதுக்கு 156 மில்லிக்கும் கீழே என்றால் பை சிறியது.

இரவில் எவ்வளவு ஊறுகிறது என்று பார்க்க நான்கைந்து இரவு டயப்பர் போட்டு, காலையில் ஈர டயப்பரின் எடையிலிருந்து காய்ந்த டயப்பரின் எடையைக் கழியுங்கள். ஒரு கிராமை ஒரு மில்லியாக வைத்துக்கொள்ளலாம். அதோடு காலையில் முதலில் போனதையும் கூட்டுங்கள். எதிர்பார்க்கும் கொள்ளளவைப் போல 1.3 மடங்குக்கு மேல், 7 வயதுக்கு 312 மில்லிக்கு மேல் வந்தால் இரவில் அதிகமாக ஊறுகிறது என்று பொருள். இரவில் அதிகமாக ஊறுபவர்களுக்கு மாத்திரை நன்றாகக் கேட்கும். பை சிறியவர்களுக்கு அலாரம் பொருத்தமாக இருக்கும். சில கிராம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

5. வயிற்றைச் சரி செய்யுங்கள்

மூத்திரப்பைக்குப் பின்னாலேயே மலக்குடல் இருக்கிறது. அது நிறைந்து கிடந்தால் பையை நெருக்கும். பை நிறையும் முன்பே தளும்பும். மலச்சிக்கலைச் சரி செய்ததும் கூடுதல் வைத்தியமே தேவைப்படாத பிள்ளைகள் உண்டு. மலச்சிக்கலைக் கவனிக்காமல் அலாரம் வைத்தால் அலாரமும் தோற்கும்.

"தினமும் போறானே" என்பது போதாது. ஆட்டுப்புழுக்கை போல உருண்டை உருண்டையாக, அல்லது ஃப்ளஷ் பண்ணினாலும் இறங்காத அளவு தடியாக, அல்லது ஜட்டியில் கறை படும்படி கசிந்தால் மலச்சிக்கல்தான். கசிவைப் பேதி என்று நினைத்துப் பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்துவிடாதீர்கள்.

நம் வீடுகளில் முக்கியமான காரணம் காலை அவசரம். 7.40க்கு வேன் வரும். பிள்ளை உட்காரவே நேரம் இருக்காது. பள்ளிக் கழிப்பறைக்குப் போகவும் மாட்டான். அதனால் சாயங்காலம் டிபனுக்குப் பிறகோ இரவு சாப்பாட்டுக்குப் பிறகோ ஐந்து பத்து நிமிஷம் உட்கார வையுங்கள். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு முக்காலி போடுங்கள். கால் தொங்கினால் முக்க முடியாது. இந்தியன் டாய்லெட்டில் அந்தத் தொல்லை இல்லை. கையில் போன் கொடுக்காதீர்கள்.

கொய்யா, பப்பாளி, கீரை, அவரை, தோலோடு பயறு. பாலைக் குறையுங்கள், சோற்றைத் தள்ளிவிட்டு நாலைந்து டம்ளர் பால் குடிக்கும் பிள்ளைக்கு மலம் இறுகுவது சகஜம். பல மாதமாக இறுகிக் கிடந்தால் சாப்பாடு மட்டும் போதாது. லாக்டுலோஸ் சிரப்போ பாலிஎதிலீன் கிளைகால் பவுடரோ டாக்டர் எழுதித் தருவார். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் இளகியதும் நிறுத்துவதுதான் இங்கே எல்லாரும் விழும் பள்ளம். விளக்கெண்ணெய் வேண்டாம்.

6. தண்ணீரைக் குறைக்காதீர்கள், முன்னால் தள்ளுங்கள்

பள்ளிக்குக் கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறதா? பிள்ளை நாளெல்லாம் குடிக்காமல் இருந்து, வீட்டுக்கு வந்ததும் மடக் மடக்கென்று குடிக்கிறது. அவ்வளவும் இரவில் இறங்கும். ஒரு நாளில் குடிப்பதில் ஐந்தில் இரண்டு பங்கு மதியத்துக்குள், இன்னும் இரண்டு பங்கு பள்ளி விடும் நேரத்துக்குள், மீதி ஒரு பங்குதான் சாயங்காலம் 5 மணிக்கு மேல். மொத்தம் குறையக் கூடாது. தண்ணீரை மொத்தமாகக் குறைத்தால் மலம் இறுகும், பையும் கொஞ்சமாகவே கொள்ளப் பழகிவிடும்.

சாயங்காலக் கணக்கில் தண்ணீர் மட்டும் வராது. ரசம், மோர், கஞ்சி, இளநீர், தர்பூசணி எல்லாமே சேர்த்தி. தூங்கும் முன் ஒரு டம்ளர் பால் கொடுக்கும் வீடுகளில் அந்தப் பாலைச் சாயங்காலத்துக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும். காபி, டீ, கோலா எந்த நேரமும் வேண்டாம். இரவில் அப்பளம், ஊறுகாய், பாக்கெட் நூடுல்ஸ் போன்ற உப்புச் சரக்கு இருந்தால் தாகமும் எடுக்கும், சிறுநீரும் கூடும். ராத்திரிச் சாப்பாடு 7 மணிக்கு, படுக்கை 9 மணிக்கு என்று இரண்டு மணி இடைவெளி இருக்கட்டும். அதற்குள் நாக்கு வறண்டால் இரண்டு வாய் கொடுங்கள். தாகத்தோடு படுக்க வைக்க வேண்டாம்.

பள்ளியில் மிஸ்ஸிடம் நேரில் பேச வேண்டும். டைரியில் எழுதி அனுப்பினால் பத்துப் பேர் படிப்பார்கள். பாய் நனைவதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. "கேட்டால் உடனே பாத்ரூம் அனுப்புங்கள், தண்ணீர் குடிக்க நினைவூட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்றால் போதும். மறுத்தால் டாக்டரிடம் இரண்டு வரி சீட்டு வாங்கிக் கொடுங்கள். கழிப்பறை நாறுவதால்தான் பிள்ளை அடக்குகிறது என்றால் அது உங்கள் பிள்ளைக்கு மட்டுமான பிரச்சினை அல்ல. பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

வீட்டில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை போக வேண்டும். படுக்கும் முன் இரண்டு தடவை: கதை சொல்லத் தொடங்கும்போது ஒன்று, விளக்கணைக்கும் முன் ஒன்று.

நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ந்த இரவுக்கு ஸ்டிக்கர் கொடுக்காதீர்கள். அது பிள்ளை கையில் இல்லை. பாட்டிலைக் காலி செய்ததற்கு, படுக்கும் முன் போனதற்கு, காலையில் விரிப்பை வாளியில் போட்டதற்குக் கொடுங்கள்.

நடுராத்திரி தூக்கிக்கொண்டு போவது பற்றியும் கேட்பீர்கள். அன்றைய விரிப்பு தப்பிக்கும்; பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளாது. தூக்கத்திலேயே போகும் பழக்கம்தான் மிஞ்சும். எப்போதாவது செய்வதானால் முழுதாக எழுப்பி, நடக்க வைத்துக் கூட்டிப் போங்கள்.

ஐந்தாம், ஆறாம் படிகளைக் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

7. டாக்டரிடம் போகும்போது

நேரே சிறுநீரக நிபுணரிடம் ஓட வேண்டாம். குழந்தைகள் நல மருத்துவர் போதும். தேவையானால் அவரே அனுப்புவார். தனியார் கிளினிக்கில் ₹300 முதல் ₹800 வரை ஆகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு புறநோயாளிச் சீட்டும் பரிசோதனையும் இலவசம். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால் காலையிலேயே போய்விடுங்கள். பள்ளிக்கு ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கும்.

பையில் இருக்க வேண்டியவை: அந்த நோட்டு, தடுப்பூசி அட்டை, பிள்ளையின் ஆதார் நகல், பழைய ஸ்கேன் அல்லது ரத்தப் பரிசோதனைத் தாள் ஏதாவது இருந்தால் அது, இப்போது சாப்பிடும் மருந்துகளின் சீட்டு. தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போடுங்கள். காப்பீட்டு அட்டை இந்த வைத்தியத்துக்கு அநேகமாகப் பயன்படாது. அது பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கானது.

சிறுநீர்ப் பரிசோதனை நிச்சயம் இருக்கும். முந்தின நாளே லேபில் டப்பா வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ₹100 முதல் ₹200. சர்க்கரை சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை. பகலில் எந்தத் தொல்லையும் இல்லாமல் இரவில் மட்டும் நனைக்கும் பிள்ளைக்கு ஸ்கேன் பொதுவாகத் தேவைப்படாது. நாங்கள் முதலில் போன ஓர் இடத்தில் பிள்ளையின் வயிற்றைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். "எதற்காக, இதில் என்ன தெரிந்தால் வைத்தியம் மாறும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு அதன் முன்னால் முழுக் கதையையும் சொல்லாதீர்கள். நோட்டை நீட்டுங்கள், அது பேசும். வயிறு, முதுகு, பிறப்புறுப்பு மூன்றையும் பார்த்தாரா என்று கவனியுங்கள்.

8. அலாரம்

பகல் வேலை முடிந்தும் நனைகிறது, வயது 6, 7க்கு மேல், பிள்ளைக்கும் சம்மதம் என்றால் அலாரம். ஜட்டியில் மாட்டும் சின்ன உணரி. ஈரம் பட்டதும் தோளில் பனியனோடு கோத்த பெட்டி கத்தும். ஆன்லைனில்தான் கிடைக்கும், விலை சில ஆயிரம் ரூபாய். திருப்பி அனுப்பும் வசதி, மாற்று உணரி தனியாகக் கிடைக்குமா என்ற இரண்டையும் பார்த்து வாங்குங்கள். சத்தத்தோடு அதிர்வும் உள்ளதாக இருந்தால் நல்லது. ஒழுங்காகப் பயன்படுத்தினால் மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குப் பலன் தரும். மாத்திரையை நிறுத்திய பிறகு நனைவது திரும்புவதைவிட, அலாரத்துக்குப் பிறகு திரும்புவது குறைவு.

வாங்கிய அன்றே மாட்டாதீர்கள். சாயங்காலம் ஒத்திகை: உணரியில் சொட்டுத் தண்ணீர் விட்டுக் கத்தவிட்டு, பிள்ளை தானே அணைத்து, பாத்ரூம் போய்வரும் வரை விளையாட்டாக இரண்டு மூன்று தடவை.

முதல் இரண்டு வாரம் அலாரம் கத்தினால் பக்கத்து வீட்டு நாய் எழும், உங்கள் பிள்ளை எழாது. அலாரம் வேலை செய்யவில்லை என்று பெரும்பாலானவர்கள் மூட்டை கட்டுவது இங்கேதான். எழுப்புவது உங்கள் வேலை. ஒரே அறையில் தூங்குவது இதற்கு வசதி. எழுப்புங்கள், அலாரத்தைப் பிள்ளையே அணைக்க வேண்டும், நீங்கள் அணைக்கக் கூடாது, பாத்ரூம் போய் மிச்சத்தை முடிக்க வேண்டும், துணி மாற்றி, உணரியைத் துடைத்து மறுபடி மாட்டிப் படுக்க வேண்டும். ஒவ்வொரு இரவும், ஞாயிற்றுக்கிழமை உட்பட. அப்பாவும் அம்மாவும் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரே எழுந்தால் ஒரு மாதத்தில் படுத்துவிடுவார்.

முன்னேற்றம் காய்ந்த இரவாக முதலில் வராது. ஈர வட்டம் சிறுக்கும். 11 மணிக்குக் கத்தியது 3 மணிக்குத் தள்ளிப் போகும். பிள்ளை சத்தத்துக்குப் புரளத் தொடங்கும். நான்கு வாரத்தில் இவற்றில் ஒன்றாவது தெரிந்தால் தொடருங்கள். ஆறு முதல் எட்டு வாரம் ஆகியும் எந்த அசைவும் இல்லை என்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். தொடர்ந்து 14 இரவு காய்ந்திருந்தால் வெற்றி. மொத்தம் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

ஆகவே காலண்டரைப் பார்த்துத் தொடங்குங்கள். பரீட்சைக்கு முன்னும், தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் முன்னும் வேண்டாம். நோட்டும் வயிற்று வேலையும் கோடை லீவில் முடித்துவிட்டு, பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து அலாரம் தொடங்குவது வசதி. மார்கழிக் குளிரில் வியர்வை குறைந்து சிறுநீர் கூடும்; முதல் முயற்சிக்கு அந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

9. மாத்திரை

டெஸ்மோபிரசின் என்பது முன்பு சொன்ன அந்த இரவு ஹார்மோனின் செயற்கை வடிவம். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. கேட்கும் பிள்ளைக்குச் சாப்பிட்ட இரவு காய்ந்திருக்கும். நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். அலாரம் ஒத்துவராத பிள்ளைக்கும், இரவில் அதிகம் ஊறும் பிள்ளைக்கும், அவசரமாக ஓர் ஊர்ப் பயணத்துக்கும் உதவும். மலிவான மருந்து அல்ல. முதலில் ஒரு பட்டை மட்டும் வாங்கி, கேட்கிறதா என்று பாருங்கள்.

ஒரு விதியை மட்டும் மீறவே கூடாது: மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்வரை தண்ணீர் மிகக் குறைவாகத்தான். நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகலாம். காய்ச்சல், வாந்தி, பேதி இருக்கும் நாளில் மாத்திரை வேண்டாம். பாட்டி வீட்டில் விட்டுப் போகும்போது இதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். நீண்ட நாள் கொடுப்பதானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கச் சொல்வார்கள்; அந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள்.

இமிப்ரமின் என்ற பழைய மாத்திரையை யாராவது எழுதினால் கேள்வி கேளுங்கள். அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்னும் ஆபத்து. மற்ற எல்லாம் தோற்ற பிறகு, நிபுணர் கண்காணிப்பில்தான்.

10. ஊருக்குப் போகும்போது

ஆசையாகக் காத்திருந்த கல்யாணத்துக்குப் பிள்ளை வராமல் இருக்க வேண்டியதில்லை. மண்டபத்தில் வரிசையாகப் படுக்கும்போது சுவரோரம், உங்கள் பக்கத்தில் இடம் பிடியுங்கள். ரயிலில் கீழ் பெர்த். டயப்பர் போட்டால் மேலே தளர்வான கால்சட்டை. மருந்துக் கடையில் கிடைக்கும், நோயாளிகளுக்கு விரிக்கும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஈரம் உறிஞ்சும் ஷீட் இரண்டை விரிப்புக்கடியில் போடலாம். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை இரண்டு, மாற்று உடை ஒரு செட் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

பள்ளிச் சுற்றுலாவுக்கு மாத்திரை கொடுத்தனுப்புவதானால் இரண்டு வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கூட வரும் ஆசிரியர் ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லுங்கள். யாரிடம் சொல்லலாம் என்று பிள்ளையைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

11. நின்றது மறுபடி வந்தால்

அலாரத்தில் 14 இரவு காய்ந்ததும் சில டாக்டர்கள் ஒரு பரீட்சை வைக்கச் சொல்வார்கள்: படுக்கும் முன் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் கொடுத்து, அலாரத்தோடு இன்னும் இரண்டு வாரம். சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். பை அந்த அளவையும் தாங்கப் பழகினால் திரும்ப வரும் வாய்ப்புக் குறையும். மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு இது கூடவே கூடாது.

காய்ச்சல் வந்த வாரத்திலோ கல்யாண வீட்டுக் களைப்பிலோ ஒன்றிரண்டு இரவு நனைவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வாரத்தில் இரண்டு இரவுக்கு மேல் நனைந்தால் முதலில் மலத்தைப் பாருங்கள், பிறகு பள்ளிப் பாட்டிலைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அலாரத்தை மறுபடி மாட்டுங்கள். இரண்டாம் முறை பெரும்பாலும் சீக்கிரம் வழிக்கு வரும். அதனால் நின்றுவிட்டது என்று அலாரத்தை உடனே யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, உணரியைச் சோப்புத் துணியால் துடைத்துக் காயவைத்து, ஆறு மாதம் அலமாரியில் வையுங்கள்.